உப்புக்காற்றுக்கு எந்தக் கம்பி?

"அண்ணா, எனக்க மகன் பிளஸ் ஒன் படிக்கான். கோயில் கொயருல பேஸ் கிட்டார் அவன்தான். கம்பி மாத்தி ரெண்டு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள துரு. சவுண்டு செத்துப் போச்சு, கோயில்ல ஒண்ணும் கேக்கல்லன்னு கொயர் மாஸ்டர் சொல்லிட்டாரு. இனி கீபோர்டு பையனே இடது கையால பேஸ் வாசிச்சுக்கிடுவான், நீ நின்னு பாடுன்னு சொன்னாராம். அண்ணைக்கு வீட்டுக்கு வந்தவன் ஒண்ணும் மிண்டாம இருக்கான். கிட்டாரை உறைய விட்டு எடுக்கல்ல. ஒரு செட்டு கம்பி ரெண்டாயிரத்துக்கு மேல ஆவுது. அவனுக்க அப்பா தங்கல் தொழிலுக்குப் போறவரு. தடைக்காலத்துல அதுவும் இல்ல. துரு பிடிக்காத கம்பி ஏதும் உண்டுமா?"

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு தாய் அனுப்பிய குரல் பதிவு இது. பின்னணியில் அலைச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அலை அத்தனை பக்கத்தில் இருந்தால் கம்பி துருப்பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

'பேஸ் கிட்டார் கம்பியைப் பற்றி எனக்கென்ன' என்று மற்ற வாசகர்கள் நகர்ந்துவிட வேண்டாம். கடலோரத்தில் வயலின், வீணை, மாண்டலின், சாதா கிட்டார் எது வைத்திருந்தாலும் இதில் பாதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் சகோதரிக்கு ஒரு வார்த்தை. துருவே பிடிக்காத எஃகுக் கம்பி என்று ஒன்று இல்லை. மெதுவாகப் பிடிக்கும் கம்பி உண்டு. பிடிப்பதைத் தள்ளிப்போடும் பழக்கங்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இரண்டு மாதம் என்பதை ஆறு, எட்டு மாதமாக நீட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். குற்றவாளி உண்மையிலேயே கம்பிதானா?

மகனை உறையிலிருந்து கிட்டாரை எடுக்கச் சொல்லுங்கள். கிட்டாரின் முகத்தில் இருக்கும் டோன் குமிழை முழுவதும் திறந்து வைக்கட்டும். அது மூடியிருந்தால் புதுக் கம்பியும் செத்த கம்பி மாதிரிதான் பேசும். கிட்டாருக்குள் 9 வோல்ட் பேட்டரி போடும் வகை என்றால் புது பேட்டரி போட்டுப் பார்க்கட்டும். பேட்டரி இறங்கும்போது சத்தம் சுருங்கி, கரகரவென்று ஆகும். இந்த இரண்டுமே சரியாக இருந்தால்தான் கம்பிக்கு வர வேண்டும்.

கம்பி செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். அடுத்து, அதே இடத்தில் அழுத்திப் பிடித்து மீட்ட வேண்டும். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் ஆப் இரண்டையும் ஒரே சுரமாகக் காட்ட வேண்டும். முன்பு சரியாக இருந்த கிட்டார் இப்போது வேறுபாடு காட்டினால், கம்பியின் சுற்றுகளுக்குள் அழுக்கும் துருவும் சீரில்லாமல் ஏறி, ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் லேசாகவும் ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கம்பியை எந்த டியூனராலும் சுருதி சேர்க்க முடியாது. இன்னொன்று, கம்பியின் அடிப்பக்கமாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் படும் இடங்களில் பள்ளம் தட்டினால் அதன் காலம் முடிந்தது.

இனி இந்த உப்புக்கு வருவோம்.

அலை உடையும்போது கோடிக்கணக்கான நுரைக்குமிழ்கள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்த்துளிகளைக் காற்றில் வீசுகிறது. அவைதான் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு எல்லாவற்றிலும் வந்து உட்காருகின்றன. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிந்து ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கிவிடும். ஜாடியில் நடப்பதேதான் கம்பியிலும் நடக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஒரு பக்கம் அரபிக்கடல், இன்னொரு பக்கம் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரம் என்று இருக்கும் தேங்காய்ப்பட்டணத்தில், கம்பியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த ஊரின் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைகளில் அதிகம் கிடைக்கும் பேஸ் கம்பி எஃகின் மேல் நிக்கல் முலாம் பூசியது. முலாம் முழுதாக இருக்கும் வரை பிரச்னையில்லை. விரலும் ஃப்ரெட்டும் தேய்த்துத் தேய்த்து ஓரிடத்தில் முலாம் போனதும், நிக்கலும் எஃகும் உப்புநீரில் ஒன்றாக நனைகின்றன. இரண்டு வேறு உலோகங்கள் இப்படிச் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் எஃகுதான் பலியாகும். அதாவது, அரைகுறையாகத் தேய்ந்த முலாம், முலாமே இல்லாததைவிட வேகமாகத் துருவைக் கூட்டிவரும். படகில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் எப்படி அரிக்கிறது என்று அவனுடைய அப்பாவிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பேஸ் கம்பி ஏன் ஒற்றைக் கம்பியாக இல்லாமல் மேலே சுற்றுடன் இருக்கிறது? நான்கு கம்பி பேஸில் மிகத் தடித்த 'ஈ' கம்பி நொடிக்கு சுமார் 41 முறை அதிர வேண்டும். அவ்வளவு மெதுவாக அதிர வைக்க கம்பி கனமாக இருக்க வேண்டும். ஒரே எஃகுக் கம்பியைத் தடிமனாக்கினால் அது ஜன்னல் கம்பிபோல விறைத்துக்கொள்ளும், பாடாது. அதனால் நடுவில் மெல்லிய வலுவான எஃகு, அதன் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது என்று வழி கண்டார்கள். கனமும் கிடைத்தது, வளைவும் கிடைத்தது. ஆனால் அந்தச் சுற்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள்தான் வியர்வை, உப்பு, தோல் துகள் எல்லாம் குடியேறும் இடம்.

பள்ளத்தை வைத்தே கம்பிகளை இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம். உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட்வவுண்ட். பட்டையான ரிப்பன் போன்ற உலோகத்தைச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். முதலாவது சொரசொரப்பு, இரண்டாவது வழவழப்பு. முதலாவது பளீரென்று பியானோ மாதிரி ஒலிக்கும். இரண்டாவது 'தும் தும்' என்று அடக்கமாக, பெரிய டபுள் பேஸ் வாத்தியம் மாதிரி ஒலிக்கும். (நடுவாந்தரமாக, உருண்டைச் சுற்றின் மேல்புறத்தை மட்டும் சீவி வழவழப்பாக்கியதும் உண்டு. நைலான் நாடா சுற்றிய கறுப்புக் கம்பியும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் இரண்டும் அபூர்வம், விட்டுவிடுவோம்.)

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஃப்ளாட்வவுண்ட்தான் வழக்கம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அந்த வழவழப்புக் கம்பியில்தான் வாசித்தார். பிறகு 1960களில் இங்கிலாந்தின் 'தி ஹூ' குழுவைச் சேர்ந்த ஜான் என்ட்விசில், கம்பி மந்தமாக இருக்கிறது என்று குறைபட்டு, ரோட்டோசவுண்ட் கம்பெனியாருடன் சேர்ந்து பளீரென்ற ரவுண்ட்வவுண்ட் கம்பியை உருவாக்க வைத்தார். 'ஸ்விங் பேஸ் 66' என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் 'ஸ்லாப்' வாசிப்புக்கு அந்தப் பளீர் ஒலிதான் அடிப்படை.

அதற்கு நேர் எதிர் ஆள் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்தவர். உலகத்து பேஸ் கலைஞர்கள் எல்லாம் குருவாக நினைப்பவர். லா பெல்லா என்ற பிராண்டின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பியைப் போட்டார். அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். கம்பி பழசாகப் பழசாக அவருக்குப் பிடித்த அந்த 'தும்' இன்னும் முதிரும். ஆகவே 'பழைய கம்பி என்றாலே கெட்ட கம்பி' என்பது சரியல்ல. ஃப்ளாட்வவுண்ட் பழசாகலாம். துருப்பிடித்த ரவுண்ட்வவுண்ட்தான் பிரச்னை.

நம் பக்கம் ஒரு உதாரணம் வேண்டுமென்றால், இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி' (1980) படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரும் கையுமாகப் பாட, யேசுதாஸ் குரல் கொடுத்த அந்தப் பாட்டைக் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் அல்ல, இயர்போனில். பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொருவர் தனியாக ஒரு ராகம் போட்டுக்கொண்டே போவதைப்போல பேஸ் நடக்கும். செல்போன் ஸ்பீக்கர் அத்தனை தாழ்ந்த ஒலியைத் தராது. அதனால்தான் நம்மில் பலர் எத்தனையோ வருடம் கேட்ட பாட்டுகளில் பேஸ் இருப்பதையே கவனித்திருக்க மாட்டோம். ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் இப்படித்தான் கேட்க வேண்டும். பின்னணிப் பாடகராக வீட்டுக்கு வீடு தெரிந்த ஆலாப் ராஜூ முதலில் பேஸ் கிட்டார் கலைஞர். பதின்பருவத்திலேயே ரஹ்மானுடன் மேடையேறிய மோஹினி டேயின் வாசிப்பு யூடியூபில் கொட்டிக்கிடக்கிறது. சகோதரியின் மகன் பார்த்திருப்பான்.

சரி, தேங்காய்ப்பட்டணத்துப் பையனுக்கு எந்தக் கம்பி?

உப்பை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ளாட்வவுண்ட். வெளிச்சுற்று சீக்கிரம் துருப்பிடிக்காது, பள்ளம் இல்லாததால் அழுக்கு தங்காது, துடைப்பதும் எளிது. விலை கூடுதல் என்றாலும் வருடக்கணக்கில் ஓடும். கோயில் பாட்டுக்கு அதன் ஒலியும் பாந்தமாக இருக்கும். குரல் பதிவை முதல் தடவை கேட்டதும் இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

ஆனால் சந்தேகம் வந்து, 'கோயிலில் கிட்டாருக்குத் தனி ஆம்ப் இருக்கிறதா?' என்று திருப்பிக் கேட்டேன். இல்லையாம். கிட்டார் ஒயர் நேரே மிக்சருக்குப் போகிறது. ஃபாதர் பிரசங்கம் செய்யும் மைக்கும், பேஸ் கிட்டாரும் தூண்களில் மாட்டியிருக்கும் அதே ஒல்லி ஸ்பீக்கர்களில்தான் வருகின்றன. இங்கேதான் பதில் தலைகீழாகிறது.

பிரசங்கம் தெளிவாகக் கேட்பதற்கென்று செய்த ஒல்லி ஸ்பீக்கர் பெரும்பாலும் 41 அதிர்வு, 55 அதிர்வு போன்ற அடிஒலியைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். பிறகு எப்படி பேஸ் கேட்கிறது? ஒரு கம்பியை மீட்டினால் 41 மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே மேலே கிளை ஒலிகளும் சேர்ந்து வரும். ஸ்பீக்கர் அந்தக் கிளைகளைத் தருகிறது. அடிமரம் இருப்பதாக நம் மூளை ஊகித்துக்கொள்கிறது. புது ரவுண்ட்வவுண்ட் கம்பியில் கிளை ஒலிகள் ஏராளம். துருப்பிடித்த கம்பியில் முதலில் சாவது அந்தக் கிளைகள்தான். அடிமரத்தை ஸ்பீக்கர் விழுங்கிவிட, கிளைகளைத் துரு விழுங்கிவிட, கோயிலில் ஒன்றும் கேட்கவில்லை என்று கொயர் மாஸ்டர் சொன்னது அவர் காதுக்குச் சரிதான். ஃப்ளாட்வவுண்ட் போட்டால் துரு போகும், ஆனால் இயல்பிலேயே கிளை ஒலி குறைந்த கம்பி அது. அந்த ஸ்பீக்கரில் மறுபடியும் கேட்காது. அடுத்த வாரமே பையனை மறுபடி நின்று பாடச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே இப்போதைக்கு என் ஓட்டு பூச்சுப் போட்ட ரவுண்ட்வவுண்ட் கம்பிக்கு. 'கோட்டட் ஸ்ட்ரிங்ஸ்' என்று கேளுங்கள். கம்பி முழுவதும் முடியிழையைவிட மெல்லிய பிளாஸ்டிக் வகைப் படலம் பூசியிருப்பார்கள். மழைக்கோட்டுத் துணிக்குப் பெயர்போன கோர் கம்பெனி 1990களில் எலிக்சர் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. இப்போது டடாரியோ, டிஆர் முதலிய கம்பெனிகளும் போடுகின்றன. உப்பும் வியர்வையும் சுற்றுகளுக்குள் நுழைவதை அந்தப் படலம் தடுக்கிறது. ஒலி கொஞ்சம் மிருதுவாகும், ஆனால் கிளைகள் உயிரோடு இருக்கும்.

விலை? சாதாரணக் கம்பியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகலாம். பயந்துவிட வேண்டாம், மீன் கணக்குப் போடுவதுபோல் போட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய்க் கம்பி இரண்டு மாதம் என்றால் வருடத்துக்கு 12,000. நாலாயிரம் ரூபாய்க் கம்பி ஆறு மாதம் தாங்கினால் வருடத்துக்கு 8,000. எட்டு மாதம் இழுத்தால் 6,000. பல மடங்கு தாங்கும் என்று கம்பெனிகள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். ஆனால் கடற்கரையில் அந்தப் பாதியே லாபம். ஒரு நிபந்தனை: பையன் பிளாஸ்டிக் பிக் வைத்துச் சுரண்டாமல் விரலால் வாசிக்க வேண்டும். பிக் படும் இடத்தில் படலம் சீக்கிரம் உரிந்து, நார்நாராகத் தொங்கும்.

நாலாயிரம் இப்போது முடியாது என்றால்? பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் அடுத்த வழி. நிக்கல் முலாம் கம்பியைவிடத் துருவைத் தாங்கும், ஒலியும் இன்னும் பளீர். ஆனால் உலோகம் கடினம். விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும், ஃப்ரெட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். நடு எஃகு அதிலும் துருப்பிடிக்கக்கூடியதுதான், மறக்க வேண்டாம். கோயிலில் என்றைக்காவது ஒரு நல்ல பேஸ் ஆம்ப் வாங்கினால் அன்றைக்கு ஃப்ளாட்வவுண்டுக்கு மாறலாம்.

வாங்கும்போது இரண்டு அளவு முக்கியம். ஒன்று நீளம். கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் வெள்ளைக் கட்டையிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 17 அங்குலம் வந்தால் 34 அங்குல 'லாங் ஸ்கேல்', பெரும்பாலான கிட்டார்கள் இதுதான். 15 அங்குலம் வந்தால் 30 அங்குல 'ஷார்ட் ஸ்கேல்'. ஷார்ட் ஸ்கேல் கிட்டாருக்கு நீளக் கம்பி வாங்கினால் தடித்த பகுதியே முறுக்காணியில் சுற்ற வேண்டிவரும், சுற்று பிரிந்து கம்பி வீணாகும்.

இரண்டாவது தடிமன். உறையில் 45-65-80-100 அல்லது 45-65-85-105 என்று எழுதியிருக்கும். 45 என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு. தங்கூசியை மில்லிமீட்டரில் கேட்டு வாங்குபவர்களுக்குச் சொல்வதென்றால் 1.14 மி.மீ. அதேபோல் 105 என்பது 2.67 மி.மீ. தடித்த கம்பிக்கு இழுவிசை அதிகம், ஒலி திண்மையாக இருக்கும், விரலுக்கு வேலை கூடும். மெல்லியது வாசிக்க எளிது, ஆனால் அடித்து வாசித்தால் தடதடக்கும். நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தை எழுபது, எண்பது கிலோ பாரத்துடன் இழுக்கின்றன. அளவை மாற்றினால் அந்தப் பாரம் மாறி, கழுத்தின் வளைவு மாறி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டிவரும். எனவே இப்போது போட்டிருக்கும் அளவையே வாங்குவது நல்லது. பழைய உறை இல்லையென்றால், பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோல் இருக்கும். பிளஸ் ஒன் பையனுக்கு அதை வைத்து அளக்கத் தெரியாமலா போகும்!

காற்றுப் புகாத உறையில் இருக்கும் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். காகித உறையில் கடைக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது கடலோரக் கடையில் என்றால் வாங்கும்போதே பாதி வயது போயிருக்கும். பெயர்போன பிராண்டுகளுக்குப் போலியும் உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் சந்தேகப்படுங்கள். மலிவு என்று இரண்டு மூன்று செட் வாங்கிச் சேர்க்கவும் வேண்டாம். ஒன்று போதும்.

மாட்டும்போது நிறையப் பேர் செய்யும் தவறு, கம்பியை முதலில் வெட்டிவிடுவது. முறுக்காணியைத் தாண்டி நாலைந்து அங்குலம் விட்டு, முதலில் குறடால் செங்கோணமாக மடக்க வேண்டும், பிறகுதான் மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, கம்பி அன்றைக்கே செத்துவிடும். புதுசாக இருக்கும்போதே ஒலி மந்தமாக இருக்கிறது என்ற புகார்களில் சில இதனால் வருபவை. நுனியை ஆணியின் நடுக்குழியில் செருகி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வரும்படி முறுக்கட்டும். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் கழுத்துக்கு நல்லது. சுருதி சேர்த்த பின் கம்பியைக் கையால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் நிலைக்கும். 'ஈ' கம்பியைச் செல்போன் டியூனர் பிடிக்கவில்லையென்றால் முன்னே சொன்ன பன்னிரண்டாம் ஃப்ரெட் மணி ஒலியைக் கொடுத்துப் பாருங்கள், பிடித்துக்கொள்ளும்.

இனி பராமரிப்பு. கம்பியின் ஆயுளை நிர்ணயிப்பதில் பிராண்டைவிட இதுதான் பெரிது.

வாசிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக, துணியை அடியில் கொடுத்துக் கிள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை இழுத்துத் துடைக்க வேண்டும். அடிப்பக்கம்தான் முக்கியம், பலர் மேலே மட்டும் துடைப்பார்கள். ஒரு நிமிட வேலை. அந்தத் துணியையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பைத் துடைக்கும் துணியே உப்பைத் தடவும். கிட்டாரைக் கோயில் மேடையிலோ ஜன்னலோரத்திலோ நிறுத்திவைக்கக் கூடாது. உறைக்குள் ஜிப் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களை நாலைந்து சேர்த்து உள்ளே போடுங்கள். உறையே ஈரமாக இருந்தால் முதலில் வெயிலில் காயவைக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஊர்ப் பெயரிலேயே தேங்காய் இருக்கிறதே! கூடாது. அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அது நல்லது. கம்பியில் தடவினால் சுற்றுகளுக்குள் பிசுக்கு ஏறி, தூசியைப் பிடித்து, துரு இல்லாமலே கம்பி செத்துவிடும். இன்ஜின் ஆயிலும் அப்படித்தான்.

பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் உயிர் வரும் என்று பேஸ் வாசிப்பவர்களிடையே ஒரு கைவைத்தியம் உண்டு. பொய்யில்லை. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் வெளியேறி சில நாளைக்குப் பளீரென்று ஒலிக்கும். ஆனால் துருவுக்கு அது மருந்தல்ல. கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் கரிப்பாக இருந்தால் கொதிக்கவைப்பது கம்பியை உப்பில் ஊறப்போடுவதற்குச் சமம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைப்பது மேல். மரத்தின் பாலிஷ் மேல் படாமலும், அடுப்பு, மெழுகுவத்திப் பக்கம் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு இடது கை விஷயத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். கொயர் மாஸ்டர் கெட்டவர் இல்லை. காதுக்குக் கேட்காத ஒன்றை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்? ஆனால் கீபோர்டு பையன் இடது கையை பேஸுக்குக் கொடுத்துவிட்டால், பாட்டுக்கு இரண்டு கையாலும் நிரப்பிக்கொண்டிருந்தது ஒரு கையாகிவிடும். ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது என்பதைப்போல எப்போது நிறுத்துவது என்பதும் பேஸில் பெரிய விஷயம். கம்பியை விரலால் அணைத்து நிறுத்தும்போது வரும் அந்த மூச்சு இடைவெளிதான் கூட்டத்தைக் கை தட்டவும் கூடப் பாடவும் வைக்கிறது. இதை வாதமாகச் சொல்லிப் பயனில்லை, வாசித்துக் காட்டினால்தான் புரியும். புதுக் கம்பி மாட்டிய அன்று, கொயர் ஒத்திகைக்கு அரைமணி முன்னதாகப் போய், மிக்சரில் கிட்டார் சேனலில் 'லோ' குமிழை ஏற்றாமல் 'மிட்' குமிழைக் கொஞ்சம் ஏற்றித் தரும்படி சவுண்டு பார்ப்பவரிடம் பையன் கேட்கட்டும். அந்த ஸ்பீக்கரில் 'லோ'வை ஏற்றினால் தூண்தான் அதிரும். பாட்டு ஒன்றைக் கீபோர்டு இடது கையோடு ஒருமுறை, பேஸ் கிட்டாரோடு ஒருமுறை பாடிப் பார்க்க மாஸ்டரிடம் அனுமதி கேட்கலாம். கேட்பதற்கு அவனுக்குக் கூச்சமாக இருந்தால் சகோதரி, நீங்கள் கேளுங்கள்.

கழற்றிய பழைய கம்பிகளில் துரு இல்லாமல் இருப்பது எது என்று பாருங்கள். அதைத் துடைத்து, சிலிகா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டுவைத்தால் திருவிழா அன்று ஒன்று அறுந்தால் கைகொடுக்கும். வெட்டிய நுனிகளை எண்ணி எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடச் சொல்லுங்கள். ஊசி மாதிரி இருக்கும், வெறும் காலில் ஏறினால் பிடுங்குவது பெரும்பாடு.